மீசை ஆலாவைத் தெரிந்துகொள்ள எனக்கு ஒரு வருடமும் 80,000 ரூபாயும் ஆனது

போன ஏப்ரலில், என்னிடம் படித்த மாணவன் ஒருவன் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினான். வெளுத்த வானத்தில் ஒரு பறவை. தலை கருப்பு, வயிறும் கருப்பு. "சார், கருவயிற்று ஆலா! நம்ம ஊர்லயே கெடச்சிருச்சு!" என்று கீழே எழுதியிருந்தான். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. ஆலா என்பது நீர்நிலைகள் மேல் பறந்து இரை தேடும் பறவை. அவன் எடுத்தது அரிய கருவயிற்று ஆலா அல்ல, குளிர்காலத்தில் நம்மிடம் வரும் மீசை ஆலா. அதே படம், அதே ஏரி, அதே மாதம். 2022இல் நானும் இப்படித்தான் ஆரம்பித்தேன். எனக்குச் சொல்ல அன்று யாரும் இல்லை. அவனுக்கு அன்றிரவு போனில் ஒரு மணி நேரம் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் மன்னார்குடிப் பக்கம் ஒரு பள்ளியில் கணக்கு ஆசிரியர். கொரோனா ஊரடங்கில் வீட்டு மாடியிலிருந்து பறவை பார்க்கப் பழகி, அது அப்படியே வடுவூர் ஏரி வரை இழுத்துக்கொண்டு போனது. கூட வர ஆள் கிடையாது. ஒரு கள வழிகாட்டிப் புத்தகம், பழைய கேமரா ஒன்று, 300 மி.மீ. லென்ஸ். அவ்வளவுதான் சொத்து. 2022 ஏப்ரல் கடைசி ஞாயிற்றுக்கிழமை காலை ஏரி வற்றி நடுவில் மட்டும் தண்ணீர் கிடந்தது. அதன் மேல் ஏழெட்டு ஆலாக்கள் காற்றுக்கு எதிராக மெதுவாகப் போய்த் திரும்பி வந்துகொண்டிருந்தன. குளிர்காலம் முழுக்க நான் பார்த்த ஆலாக்கள் அடிப்பக்கம் வெள்ளையானவை. இதில் மூன்றுக்கு வயிறு கருப்பு. கை நடுங்கியது. புத்தகத்தைப் பிரித்தேன். கருந்தலை, வெள்ளைக் கன்னம், கரு வயிறு. கருவயிற்று ஆலா என்று போட்டிருந்தது. உலக அளவில் அழிவின் விளிம்பில் நிற்கும் பறவை. அடுத்த பக்கத்தைக்கூட நான் புரட்டவில்லை. அந்த ஒரு பக்கத்தைப் புரட்டியிருந்தால் இந்தக் கதையே இல்லை.

அன்று இரவே, பறவை பார்ப்பவர்கள் தங்கள் பதிவுகளைச் சேர்க்கும் ஈ-பேர்ட் இணையதளத்தில் பதிவேற்றினேன். இரண்டு நாளில் பதிவுகளைச் சரிபார்க்கும் தன்னார்வலர் ஒருவரிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. மிகவும் மரியாதையான கடிதம். "இனப்பெருக்கக் கால மீசை ஆலாவாக இருக்க வாய்ப்பு அதிகம், அலகின் நிறமும் வாலின் வடிவமும் தெரியும்படி வேறு படம் இருக்கிறதா?" என்று கேட்டிருந்தார். இன்று வாசிக்கும்போது அதில் ஒரு சொல்கூடத் தப்பில்லை. அன்று எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. சின்ன ஊர்க்காரன், சின்ன கேமரா வைத்திருப்பவன் என்பதால் நம்பவில்லை என்றே எடுத்துக்கொண்டேன். இரவு பதினோரு மணிக்கு, கோபத்தோடு, நீளமாக ஒரு பதில் எழுதினேன். இப்படிக் கேள்வி வந்தால் அன்று இரவு பதில் எழுதாதீர்கள். அவர் கேட்டது அலகும் வாலும். என் பதிலில் அந்த இரண்டைப் பற்றியும் ஒரு வரி இல்லை, ஏனென்றால் நான் அந்த இரண்டையும் பார்க்கவே இல்லை.

படம் தெளிவாக இல்லாததுதான் பிரச்சினை என்று முடிவுக்கு வந்தேன். பெரிய லென்ஸ் வேண்டும். என் மனைவியின் சங்கிலியை அடகு வைத்தோம். "என்னங்க, இந்தக் குருவிக்கு இவ்வளவு அவசரமா?" என்று ஒரு தடவை கேட்டாள், அப்புறம் கழற்றிக் கொடுத்துவிட்டாள். மன்னை எக்ஸ்பிரஸில் சென்னைக்குப் போய், விளம்பரம் பார்த்துப் பேசிய ஒருவரிடம் 58,000 ரூபாய்க்குப் பழைய 150-600 லென்ஸ் ஒன்றை வாங்கி, அன்று இரவே ரயில் ஏறிவிட்டேன். எட்டு நிமிடம்கூடச் சோதித்துப் பார்க்கவில்லை. மறுவாரம் பார்த்தால் உள்கண்ணாடியில் சிலந்தி வலை மாதிரிப் பூஞ்சை. விற்றவர் போனை எடுக்கவில்லை. சுத்தம் செய்ய 7,500 ரூபாய். பழைய லென்ஸ் வாங்குகிறவர்கள் இரண்டு மூடிகளையும் கழற்றிவிட்டு, பின்பக்கத்திலிருந்து செல்போன் டார்ச்சை அடித்து, முன்பக்கத்திலிருந்து சாய்த்துப் பாருங்கள். பூஞ்சை, தூசி, கீறல் எல்லாம் அதில் தெரிந்துவிடும். நம் பக்கத்து ஈரக்காற்றுக்கு இது கட்டாயம்.

லென்ஸோடு வடுவூருக்குப் போனபோது கருப்பு வயிறு ஒன்றுகூட இல்லை, போய்விட்டன. அப்போதுதான் கருவயிற்று ஆலா ஆற்று மணல் திட்டுகளில் முட்டையிடும் பறவை என்று படித்தேன். அப்படியானால் கொள்ளிடத்தில் இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மே மாதம், தேர்வு நேரம். சம்பளம் இல்லா விடுப்பு மூன்று நாள் எடுத்தேன். கும்பகோணம் வழியாக அணைக்கரை போய், அங்கே ஆட்டோ பேசி, கொள்ளிடக் கரையில் இறங்கி மணலில் நடந்தேன். முதல் நாள் ஒன்றுமில்லை. இரண்டாம் நாள் பதினொரு மணிக்கு இரண்டு லிட்டர் தண்ணீரும் தீர்ந்துவிட்டது. கரை கண்ணுக்குத் தெரிகிறது, நடந்தால் வர மாட்டேன் என்கிறது. கொள்ளிடத்தின் அகலம் மே மாதத்தில் அதைக் கடக்கிறவனுக்குத்தான் தெரியும். காது அடைத்தது, வியர்வை நின்றுபோனது, வாந்தி வரும்போல இருந்தது. எப்படியோ ஒரு சீமைக்கருவேல மரத்து நிழலுக்கு வந்து விழுந்தேன். ஆடு மேய்க்க வந்த ஓர் அம்மா தூக்குச்சட்டியில் இருந்த நீராகாரத்தை உப்புப் போட்டுக் கொடுத்து, முந்தானையை நனைத்துப் பின்கழுத்தில் போட்டார். "யாருகிட்டயும் சொல்லாம இந்த மணல்ல எறங்கலாமா தம்பி?" என்றார். வீட்டில்கூடச் சரியான இடம் சொல்லியிருக்கவில்லை. வெயிலில் வியர்வை நின்றால் அது ஆபத்தின் அறிகுறி, உடனே நிழலுக்குப் போக வேண்டும் என்பதை அன்று உடம்பால் தெரிந்துகொண்டேன். தனியாகப் போகிறவர்கள் எங்கே போகிறோம், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று ஒருவருக்காவது எழுதி அனுப்பிவிட்டுப் போங்கள்.

அந்த நிழலில் படுத்துக்கிடந்தபோதுதான் எனக்கு விளங்கியது. தலைக்கு மேலே இரண்டு ஆற்று ஆலாக்கள் கத்திக்கொண்டே வந்தன. மஞ்சள் அலகு, வாழைப்பழ மஞ்சள், நூறு அடி தூரத்தில் கண்ணைப் பறிக்கிறது. வால் நீளமாக இரண்டாகப் பிரிந்து, ஓரத்து இறகுகள் கம்பிபோல் பின்னால் நீண்டிருந்தன. ஒன்று மேலிருந்து அப்படியே தலைகீழாகத் தண்ணீரில் விழுந்து மீனோடு எழுந்தது. கேமராவை எடுத்து வடுவூரில் எடுத்த பழைய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கருவயிற்று ஆலாவும் இந்த ஆற்று ஆலாவைப் போன்ற உடம்பு உடையதுதான்: நீண்ட பிளந்த வால், நீண்ட ஆரஞ்சு மஞ்சள் அலகு. என் படத்தில் இருந்த பறவைக்கு வால் குட்டை, நுனியில் லேசாக ஒரு வெட்டு மட்டும். அலகு சிறியது, கருஞ்சிவப்பு. அது தண்ணீரில் விழவே இல்லை என்பதும் நினைவுக்கு வந்தது. தாழப் பறந்து, மூக்கை மட்டும் நீட்டித் தண்ணீர் மேலிருந்து எதையோ கொத்திக்கொண்டு மேலே போனது. ஏப்ரலிலேயே என் கண் இதையெல்லாம் பார்த்திருக்கிறது. கருப்பு வயிற்றைத் தவிர வேறெதையும் மனம் ஏற்கவில்லை. அழுகை வந்தது. அந்த அம்மாவுக்கு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை, வெயில்தான் காரணம் என்றேன்.

இன்னொன்று உறுத்தியது. ஆற்று ஆலாக்கள் என் தலைக்கு மேலே ஏன் கத்தின? அவற்றின் முட்டைகள் அந்த மணலில் எங்கோ இருந்திருக்க வேண்டும். முட்டை மணல் நிறம், கூடு என்று ஒன்றும் கிடையாது, சின்னப் பள்ளம்தான். தாய்ப்பறவை எழுந்துபோனால் மே வெயிலில் முட்டை கொஞ்ச நேரத்தில் கெட்டுவிடும். இரண்டு நாளாக அந்தத் திட்டுகளில்தான் நடந்திருக்கிறேன். எதையாவது மிதித்தேனா என்று இன்றுவரை தெரியாது. மாசியிலிருந்து வைகாசி வரை ஆற்று மணல் திட்டுகளில் இறங்காதீர்கள், கரையிலிருந்தே பாருங்கள். ஒரு பறவை உங்களைச் சுற்றிச் சுற்றிக் கத்தினால் வந்த வழியே திரும்பிவிடுங்கள்.

சரி, அந்தக் கருப்பு வயிறு என்ன? மீசை ஆலா குளிர்காலத்தில் நம்மிடம் இருக்கும்போது அடிப்பக்கம் வெள்ளை, உச்சந்தலை வெள்ளை, கண்ணுக்குப் பின்னால் பிடரி வரை கருப்புக் கோடுகள், கருப்பு அலகு. மார்ச், ஏப்ரலில் அது வடக்கே கூடு கட்டப் போவதற்கு முன் இறகு மாற்றுகிறது. தலை முழுக்கக் கருப்புத் தொப்பி, உடம்பின் கீழ்ப்பக்கம் ஈயச் சாம்பல், வயிற்றில் இன்னும் அடர்த்தி. தொப்பிக்கும் சாம்பல் தொண்டைக்கும் நடுவே கன்னத்தில் வெள்ளைக் கோடு ஒன்று பளிச்சென்று நிற்கும், அதுதான் மீசை. வாலின் கீழ்ப்பக்கம் மறுபடி வெள்ளை. இந்தச் சாம்பல் வயிறு வெளிச்சமான வானத்துக்கு எதிரே படத்தில் கன்னங்கரேலென்று விழும். கேமரா வானத்தை அளந்து மொத்தப் படத்தையும் இருட்டாக்கிவிடுகிறது. பறக்கும் பறவையை வானத்துக்கு எதிரே எடுக்கும்போது எக்ஸ்போஷரை, அதாவது படத்தின் வெளிச்ச அளவை, +1 என்று கூட்டி வையுங்கள். எனக்கு இது தெரிந்திருந்தால் பழைய லென்ஸே போதும். இதைவிடச் சுலபமானது ஒன்று உண்டு: அலகு. கருவயிற்று ஆலாவுக்கு எல்லாக் காலத்திலும் அலகில் ஆரஞ்சு மஞ்சள் இருக்கும். கருப்போ கருஞ்சிவப்போ என்றால் அந்தப் பக்கத்தை மூடிவிடலாம்.

இந்தியாவில் பலரும் விழுகிற குழி இது என்று பிறகுதான் தெரிந்தது. 1811இல் மீசை ஆலாவுக்கு அறிவியல் பெயர் கொடுத்த பல்லாஸ் என்ற இயற்கை அறிஞர்கூட, இது இரண்டு வேறு ஆலாக்களின் கலப்பாக இருக்கலாம் என்று எண்ணித்தான் ஹைபிரிடா என்று வைத்தார். அதில் எனக்கு ஆறுதல் இருந்தது. ஆனால் என் தப்பின் கனம் குறையவில்லை. கருவயிற்று ஆலா அணைத் தண்ணீரிலும், மணல் கொள்ளையிலும், நாய்களாலும் கூடுகளை இழந்துகொண்டிருக்கிற பறவை. எங்கெங்கே மிச்சம் இருக்கிறது என்று கணக்கெடுக்கிறவர்கள் நம் பதிவுகளைத்தான் பார்க்கிறார்கள். காவிரி டெல்டாவில் மூன்று இருக்கிறது என்று நான் எழுதியது ஒரு பொய்க் கணக்கு. கணக்கு வாத்தியாருக்கு அது உறைத்தது. ஊர் திரும்பிய அன்று பதிவைத் திருத்தினேன். அந்தத் தன்னார்வலரிடம் மன்னிப்புக் கேட்டு எழுதினேன். "செப்டம்பரில் திரும்பி வரும், அப்போதிலிருந்து ஒரு சீசன் முழுக்க இதையே பாருங்கள்" என்று இரண்டு வரியில் பதில் வந்தது. எனக்குக் கிடைத்த மிகப் பெரிய உதவி அந்த இரண்டு வரிதான்.

குறுவை அறுவடை முடிந்து, அடுத்த நெல் பருவமான தாளடிக்குச் சேற்றுழவு ஓடும்போது மீசை ஆலாக்கள் வந்தன. எங்கள் ஊர் வாய்க்கால் வரப்பில் உட்கார்ந்துகொண்டேன். டிராக்டரின் கேஜ் வீல், அந்த இரும்புக் கூண்டுச் சக்கரம், சேற்றைப் புரட்டிக்கொண்டே போகிறது. பின்னால் கொக்குகள் நடந்து வருகின்றன, மேலே முப்பது நாற்பது ஆலாக்கள். ஒவ்வொன்றும் சக்கரத்துக்கு ஒரு முழம் பின்னால் இறங்கி, சேற்றுத் தண்ணீரில் கால் படாமல், புரண்டு வரும் பூச்சியை அலகு நுனியால் எடுத்துக்கொண்டு எழும். ஒன்று தலைப்பிரட்டையை எடுத்து, பறந்துகொண்டே அலகிலேயே திருப்பி, தலைப்பக்கமாக விழுங்கியதைப் பத்தடியில் பார்த்தேன். டிராக்டர் மடக்கில் திரும்பும்போது கூட்டம் மொத்தமும் காற்றில் ஒரு வட்டம் போட்டு மறுபடி வரிசைக்கு வரும். "இதுங்களுக்கு நம்ம வண்டிச் சத்தம் தெரியும் சார், இஞ்சின ஆஃப் பண்ணுனா போயிடும்" என்றார் ஓட்டுகிற தம்பி. லென்ஸ் தேவைப்படவே இல்லை. நூறு கிராம்கூட இல்லாத அந்த உடம்பு காற்றில் எப்படி நிற்கிறது என்று வெறும் கண்ணால் பார்த்தபோது, புத்தகத்தில் எழுதியிருந்த வர்ணனையெல்லாம் தானாகப் பொருந்தியது. ஆலாவைக் கற்க நெல் வயல் உழவைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. பேருந்துக் கட்டணம்கூடக் கிடையாது.

ஒரு நோட்டு போட்டேன். வாரம் ஒரு நாள், பத்துப் பறவை. ஒவ்வொன்றுக்கும் அலகு நிறம், தலை, முதுகு, வயிறு, வால். செப்டம்பரில் சிலவற்றின் வயிற்றில் கருந்திட்டுகள் மிச்சம் இருந்தன, அழுக்குத் துணி மாதிரி. அந்த வருடம் பிறந்த இளம்பறவைகளின் முதுகில் பழுப்பும் கருப்பும் கலந்த செதில் வரிகள். இங்கேதான் இரண்டாவது தடவை விழப் பார்த்தேன். பழுப்பு முதுகைப் பார்த்ததும் வெண்சிறகு ஆலா என்ற வேறோர் இனத்தின் இளம்பறவை என்று பேனாவை எடுத்துவிட்டேன். கொள்ளிடம் ஞாபகம் வந்தது, பேனாவை மூடினேன். இருபது நிமிடம் காத்திருந்தேன். அது என்னைத் தாண்டித் திரும்பியபோது வாலுக்கு மேலே உள்ள பகுதி வெளிர் சாம்பலாகத் தெரிந்தது. வெண்சிறகு ஆலாவின் இளம்பறவைக்கு முதுகு ஒரே சீரான அடர் பழுப்பு, அதை ஒட்டி வாலுக்கு மேலே பளீர் வெள்ளை. இரண்டுக்கும் நடுவே கோடு கிழித்தது போல இருக்கும்.

குளிர்காலத்தில் வளர்ந்த பறவைகளைப் பிரிக்க நான் பார்ப்பது கன்னத்தைத்தான். வெண்சிறகு ஆலாவுக்குக் காதருகே உள்ள கருந்திட்டு கண் மட்டத்துக்குக் கீழே இறங்கித் தொங்கும், ஹெட்ஃபோன் மாட்டியது போல. மீசை ஆலாவுக்கு அந்தக் கருப்பு கண்ணிலிருந்து பின்னால் போய்ப் பிடரிக் கோடுகளோடு சேர்ந்துவிடும், கீழே தொங்காது. அலகும் மீசை ஆலாவுக்குக் கொஞ்சம் தடிமன், வெண்சிறகுக்கு மெல்லியது. சேற்றிலும் வயலிலும் சுற்றுகிற இன்னொன்று பருத்த அலகு ஆலா. அது உருவத்திலேயே பெரியது, கட்டைக் கருப்பு அலகு, ஒரு தடவை பக்கத்தில் பார்த்தால் மறக்காது. உப்பளப் பக்கம் ஓரிடத்திலேயே சிறகடித்து நின்று தண்ணீரில் குதித்தால் சிற்றாலாவாக இருக்கும். குதிக்கிறதா, கொத்துகிறதா என்ற கேள்வியை முதலில் கேட்டுப் பழகுங்கள். தூரம், வெளிச்சம் எதுவும் அதைக் கெடுக்காது.

2023 பிப்ரவரி வரை என் நோட்டில் எல்லாமே வெள்ளை வயிறு. மார்ச் இரண்டாம் வாரம் ஒரு பறவையின் மார்பில் சாம்பல் புள்ளி, அடுத்த வாரம் நான்கு. ஏப்ரல் தொடக்கத்தில் அலகுகளின் அடியில் சிவப்பு ஏறியது. ஒரே கூட்டத்தில் முழு வெள்ளையும், திட்டுத் திட்டாகவும், முழுக் கருமையும் சேர்ந்து பறந்தன. ஒரு வருடம் முன் இவற்றை வேறு வேறு இனம் என்று நினைத்திருந்தேன். அந்த மே முதல் வாரம் முத்துப்பேட்டைப் பக்கம் உண்மையான வெண்சிறகு ஆலா ஒன்றைப் பார்த்தேன். உடம்பும் உள்ளிறக்கையும் கரி, இறக்கையின் முன்விளிம்பும் வாலும் வெள்ளை. சந்தேகப்பட ஒன்றுமே இல்லை.

செலவைக் கேட்பவர்களுக்கு: லென்ஸ் 58,000, பூஞ்சைக்கு 7,500, நகைக்கடன் வட்டி 5,000 சொச்சம், ரயில், பஸ், ஆட்டோ, தங்கல் எல்லாம் சேர்த்து 6,000க்கு மேல், விடுப்பில் போன சம்பளம் 3,000. லென்ஸ் இன்னும் என்னிடம் இருப்பதால் எல்லாமே நஷ்டம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் சங்கிலி பதினான்கு மாதம் அடகில் இருந்தது. அந்தப் பதினான்கு மாதமும் என் மனைவி கல்யாணங்களுக்கு மஞ்சள் கயிற்றோடு போனாள். ஒரு வார்த்தை சொல்லவில்லை, அதுதான் எனக்கு அதிகம் வலித்தது. ஒரு பறவையை உறுதிப்படுத்தக் கடன் வாங்காதீர்கள். அடுத்த சீசனில் அது உங்கள் ஊருக்கே வரும்.

மாணவனுக்கு அன்றிரவு போனில் அலகைப் பெரிதாக்கிப் பார்க்கச் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. "செவப்பா இருக்கு சார்" என்றான். வாலைக் கேட்டேன். "குட்டையா." ஏமாற்றம் குரலில் தெரிந்தது. கங்கைச் சமவெளி, காஷ்மீர், அசாம் பக்கத்து நீர்நிலைகளில் மிதக்கும் செடிகள் மேல் கூடு வைக்கிற பறவை அது, கிளம்புவதற்கு இன்னும் சில நாள்தான் இருக்கிறது என்றேன். மறுநாள் காலை ஐந்தரைக்கு வடுவூர்க் கரையில் எனக்கு முன்னாலேயே வந்து நின்றான். கையில் ஒரு புது நோட்டு இருந்தது. பதினாறு எண்ணினோம், பதினொன்றுக்குக் கருப்பு வயிறு.